பார்சல் வரவில்லை, பணம் போய்விட்டது!

பேட்டரி தெளிப்பான், சொட்டுநீர் உதிரி பாகம், காய்கறி விதை என எல்லாவற்றையும் இப்போது போனிலேயே ஆர்டர் செய்கிறோம். டவுனுக்குப் போய்வரும் பஸ் செலவும், ஒரு நாள் வேலையும் மிச்சம். இந்த வசதியைப் பிடித்துக்கொண்டு மோசடிக்காரர்களும் தோட்டம் வரை வந்துவிட்டார்கள்.

'உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது. இரண்டு முறை முயன்றும், முகவரி முழுமையாக இல்லாததால் கொடுக்க முடியவில்லை. 48 மணி நேரத்துக்குள் சரி செய்யாவிட்டால் திருப்பி அனுப்பப்படும்' என்று அஞ்சல் துறை பெயரில் ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் வரும். கீழே ஒரு லிங்க் இருக்கும். இது போலி என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் எச்சரித்திருக்கிறது. லிங்க் அனுப்பி முகவரி கேட்பது அஞ்சல் துறையின் வழக்கம் அல்ல.

லிங்கைத் தொட்டால் அஞ்சல் துறையின் பக்கம் போலவே ஒன்று திறக்கும். முகவரியை வாங்கிக்கொண்டு, மறுபடி கொண்டுவருவதற்கு என்று சிறு தொகை கேட்கும். 'இருபத்தைந்து ரூபாய்தானே' என்று ஏடிஎம் கார்டு எண்ணையும் ஓடிபியையும் போட்டால் முடிந்தது. அவர்கள் குறி வைப்பது அந்த 25 ரூபாயை அல்ல, கார்டு விவரத்தை.

விவசாயிகள் இதில் எளிதாகச் சிக்கக் காரணம் உண்டு. தோட்டத்து வீடுகளுக்குக் கதவு எண் சரியாக இருக்காது. கூரியர்காரர் உண்மையிலேயே வழி கேட்டு போன் செய்வார். அதனால் 'முகவரி சரியில்லை' என்றதும் நம்பிவிடுகிறோம். பி.எம். கிசான் தவணை, பயிர்க்கடன், நெல் விற்ற பணம் எல்லாம் பலருக்கு ஒரே கணக்கில்தான் இருக்கும். அது போனால் அடுத்த போகத்துக்கு உரம் வாங்கக்கூட கையில் காசு இருக்காது.

எஸ்எம்எஸ் வந்ததும், நாம் ஏதாவது ஆர்டர் செய்தோமா என்று முதலில் யோசியுங்கள். செய்திருந்தால், ஆர்டர் போட்ட ஆப்பைத் திறந்து அதில் பாருங்கள். விரைவுத் தபால் என்றால் 13 இடம் கொண்ட எண் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஊர் கிளை அஞ்சலகத்தில் கேளுங்கள். தினமும் நம் தெருவில் வரும் தபால்காரர், வீடு தெரியாமல் இரண்டு முறை திரும்பிப் போவாரா?

வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்காதீர்கள். 'கூரியர்காரரிடம் பேச இதை டயல் செய்யுங்கள்' என்று *21* அல்லது *401* எனத் தொடங்கும் எண்ணைச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பிவிடும். தவறி அழுத்தியிருந்தால் ##002# டயல் செய்து ரத்து செய்யுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, ஏமாந்தவர்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான். பிள்ளைகள் திட்டுவார்கள், ஊர் சிரிக்கும் என்று மறைக்கிறார்கள். முளைக்காத விதையை விற்றவனைத்தானே குறை சொல்கிறோம், வாங்கியவரையா சொல்கிறோம்? இங்கும் அதுதான் நியாயம்.

மறைப்பதால் பணமும் போகிறது. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் சொல்ல வேண்டும். நம் கவனக்குறைவால் விவரம் போயிருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் விதி. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்குத்தான் நஷ்டம்.

வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக் கூட்டங்களில் மருந்து அளவு சொல்வதுபோல, இதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். போலி எஸ்எம்எஸ் ஒன்றைப் போனில் காட்டி விளக்குங்கள். ஏமாந்தவர் யாராவது இருந்தால், கேலி செய்யாமல் அவரையே பேச விடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னால் ஊர் கேட்கும்.

அரசுத் துறைகளும் விவசாயிக்கு அனுப்பும் செய்தியைத் தமிழில், லிங்க் இல்லாமல் அனுப்பட்டும். அப்போதுதான் ஆங்கிலத்தில் லிங்கோடு வரும் செய்தியைப் பார்த்ததும் சந்தேகம் வரும்.