விழா ஒழுங்கும் சட்ட வரம்பும்

மேடையில் அறம் முழங்குகின்றோம். அவ்விழாவிற்கு வந்த பெண்ணை ஒருவன் இழித்துப் பேசினாலோ, "பெரிதுபடுத்த வேண்டா" என்று அவளையே அடக்குகின்றோம். அவனை வெளியேற்ற நமக்கேது உரிமை என்று கேட்பாரும் உளர்.

உரிமை உண்டு. அஃது இரண்டு வேர்களை உடையது. ஒன்று, இடம். அரங்கைத் தம் பொறுப்பிற் கொண்டோர் எவரையும் வெளியேறச் சொல்லலாம். மறுத்து, அச்சுறுத்தவோ இழிவுபடுத்தவோ அங்கேயே நிற்பவன், 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா 329-ஆம் பிரிவின்படி அத்துமீறிய குற்றவாளி. மற்றொன்று, உடன்பாடு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி (1975) பதிவுற்ற அமைப்பின் சட்டதிட்டங்கள் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும். தவறியவரிடம் விளக்கம் கேட்டு, அம்முறைப்படியே அவரை நீக்கலாம்.

ஆயின், அவ்வுரிமை வாயிற்படியோடு முடிகின்றது. அடைத்து வைத்தலும், அடித்தலும், ஊர்விலக்கும் எவர்க்கும் உரியன அல்ல. கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டப் புறம்பானது என்று, தமிழ்நாட்டினின்று சென்ற வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2011-இல் தீர்ப்புரைத்தது. முறையிட வரும் பெண்ணைத் தடுத்து, "நமக்குள்ளேயே முடிப்போம்" என்பதும் அவ்வினத்ததே!

எனவே தோழர்களே, ஒழுங்குமுறையை எழுதுங்கள். அழைப்பிதழிலும் வாயிலிலும் முன்னரே அறிவியுங்கள். அதனைக் காக்கும் பொறுப்பை, பெண்ணொருவர் உட்பட இருவரிடம் ஒப்படையுங்கள். குற்றம் நிகழின், பாதிப்புற்றவர் காவல்துறைக்குச் செல்லத் துணை நில்லுங்கள். தொண்டனுக்கொரு முறை, தலைவனுக்கொரு முறை எனின், அது முறையன்று, வெறுந்தாள்.