ஓட்டத்துக்கும் ஒரு பட்ஜெட்

"ஓடுவதற்குக் காசா, பணமா? கடவுள் கொடுத்த கால் இருக்கிறது. கார்ப்பொரேஷன் போட்ட சாலை இருக்கிறது!" என்று நினைப்பவரா நீங்கள்? அப்படியானால் என் சிநேகிதியின் கணக்கு நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும்.

டாக்டர் சொன்னாரென்று அவள் கணவர் காலையில் ஓட ஆரம்பித்தார். முதல் மாதம் ஷூ, ரூ. 7,000. அடுத்த மாதம், எவ்வளவு தூரம் ஓடினோம் என்று சொல்லும் கைக்கடிகாரம், ரூ. 18,000. பிறகு வியர்வை ஒட்டாத சட்டை, பந்தயக் கட்டணம், வெளியூர்ப் பந்தயமென்றால் ரயில் சார்ஜ், ஓட்டல் வாடகை! எல்லாம் 'ஆரோக்கியம்' என்ற தலைப்பில் ஏறின. ஆறு மாதம் கழித்து, "எனக்கும் ஒரு ஜோடி ஷூ வேண்டும், நானும் ஓடப் போகிறேன்" என்றாளாம் அவள். "உனக்கெதற்கு அது? வெறுங்காலோடு ஓடியே ஜெயித்தவர்கள் இருக்கிறார்களே!" என்றாராம் அவர்.

வாஸ்தவந்தான். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில், 42 கிலோமீட்டருக்கும் அதிகமான மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். ஆனால் அவர் அப்படியே ஓடிப் பழகியவர். 1964-ல் டோக்கியோவில் மறுபடி ஜெயித்தபோது அவரும் ஷூ அணிந்துதான் ஓடினார்! அதே நாட்டுப் பெண்மணி டிகிஸ்ட் அசெஃபா, 2023-ல் பெர்லினில் 2 மணி 11 நிமிஷம் 53 விநாடியில் ஓடி அன்றைய உலக சாதனை படைத்தார். அவர் அணிந்திருந்த ஷூவின் விலை 500 டாலர். அப்போதைய மதிப்பில் ரூ. 40,000-க்கு மேல். ஒரே ஒரு மாரத்தானை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஷூ அது!

நமக்கு வெறுங்காலும் வேண்டாம், 500 டாலரும் வேண்டாம். எது அவசியம், எது ஆசை என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

அவசியம் இரண்டே. ஒன்று, காலுக்குப் பொருந்திய ஷூ. சாயங்காலம் பாதம் சற்று வீங்கியிருக்கும்; அப்போது போய் அணிந்து பார்த்து வாங்குங்கள். பட்டுப் புடவை மாதிரி வருஷக் கணக்கில் பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் சாமான் அல்ல அது. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பாகம் தளர்ந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. வாரத்தில் 3 நாள், நாளுக்கு 4 கிலோமீட்டர் என்றால் வருஷத்துக்கு 624. ஆக, வருஷத்துக்கு ஒரு ஜோடி.

இரண்டாவது, ஓடுவதற்கென்றே தைத்த உள்ளாடை. ஓடும்போது பட்ட அவஸ்தை பொறுக்காமல் 1977-ல் அமெரிக்காவில் பெண்களே உருவாக்கியது அது. சங்கோஜப்பட்டு இதில் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

கடிகாரம், பந்தயம், பளபளக்கும் சட்டை எல்லாம் ஆசை. பழைய பருத்திச் சல்வார் தாராளமாகப் போதும்.

இன்னொரு செலவும் உண்டு: காலையில் அரை மணி நேரம். அந்த அரை மணிக்குப் பாலைக் காய்ச்சி, டிபன் டப்பாவை நிரப்ப வேறு ஒருவர் வேண்டுமே! நம்மில் பலருக்கு ஷூவைவிட அதுதான் கிடைப்பது அரிது.

என் சிநேகிதி வாதாடவில்லை. நோட்டில் அதே தலைப்பின் கீழ், 'ஷூ, 1 ஜோடி, ரூ. 4,000' என்று தானே எழுதிக்கொண்டு கடைக்குப் போனாள். திங்கள், புதன், வெள்ளி காலையில் பால் காய்ச்சுவது இப்போது அவள் கணவர்தான்.

உங்கள் வீட்டு நோட்டில் அந்தத் தலைப்பின் கீழ் யார் யார் செலவு இருக்கிறது? இன்று ராத்திரி ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்!