முட்டை வேறு, நீள்வட்டம் வேறு

சிதம்பரத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேரன் போன மாதத் தேர்வில் முட்டை வாங்கினான். அதுவும் முட்டை வரைந்ததற்காக!

பூமி சூரியனைச் சுற்றும் பாதையை வரையச் சொல்லியிருக்கிறார்கள். "முட்டை வடிவப் பாதை" என்று வகுப்பில் சொன்னதை நம்பி, ஒரு முனை கூராக, மறுமுனை பருத்து, அசல் கோழிமுட்டையையே வரைந்துவிட்டான். "எனக்குக் கணக்கே வராது தாத்தா" என்று போனில் அழுதான். மறுநாளே கடலூரில் ரயிலேறினேன்.

தப்பு அவன்மேல் இல்லை, நீள்வட்டத்தை முட்டை என்று சொல்லும் நம் பழக்கத்தின்மேல் என்பது என் கட்சி. நீள்வட்டத்தை நெடுக்கே மடித்தாலும் குறுக்கே மடித்தாலும் பாதிகள் பொருந்தும். முட்டை நெடுக்கே மட்டும்தான் பொருந்தும். (பூமியின் பாதையை நோட்டில் சரியாக வரைந்தால் வட்டமாகத்தான் தெரியும். அது தனி வழக்கு.)

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எலிப்ஸையும் ஒவாலையும் குழப்பினால் எங்கள் வாத்தியார் ஸ்கேலைத் தேடுவார். ஒவால் என்ற சொல்லே முட்டைக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தத்துவ ஞானி தெகார்த் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலில் இந்த ஒவால்களை விவரித்தார். 1846-இல் 14 வயது மாக்ஸ்வெல் அவற்றை ஊசியும் நூலும் கொண்டு வரைந்து காட்டினான்.

அதைத்தான் பேரனுக்குச் செய்து காட்டினேன். காலண்டர் அட்டையில் இரண்டு குண்டூசி. நூலை ஒரு ஊசியில் கட்டி, பென்சிலைச் சுற்றி, மற்ற ஊசியையும் சுற்றி, திரும்பப் பென்சிலிலேயே முடிச்சு. ஒரு பக்கம் ஒற்றை இழை, மறுபக்கம் இரட்டை. விறைப்பாகப் பிடித்து மேல்பாதி, பிறகு கீழ்ப்பாதி வரைந்தால், ஒற்றை இழைப் பக்கம் கூரான முட்டை வந்துவிடும். இரண்டு ஊசிக்கும் ஒற்றை இழையே போனால் நீள்வட்டம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இது சின்னப் பிள்ளை விஷயமில்லை. சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும் கூட்டாளிகளும் சுமார் 1,400 வகைப் பறவைகளின் முட்டைகளை அளந்து, 2017-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். நீட்சி எவ்வளவு, ஒருபக்கக் கூர் எவ்வளவு என்ற இரண்டே அளவுகள். ஆந்தை முட்டை உருண்டை. உள்ளான் முட்டை கூர். நன்றாகப் பறக்கும் இனங்களின் முட்டைகள் பெரும்பாலும் நீண்டோ கூராகவோ இருக்கின்றனவாம்.

பள்ளியில் சத்துணவுத் தட்டில் முட்டை வைக்கிறோம். கணக்குப் புத்தகத்திலும் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா?

நேற்று பேரன் போன் செய்தான். சத்துணவு முட்டையைத் தின்னாமல் கொண்டுவந்து அட்டைமேல் வைத்துப் பார்த்தானாம். "பொருந்தல தாத்தா, இது இன்னும் குண்டா இருக்கு."

ஊசிகளைக் கொஞ்சம் நெருக்கிக் குத்தச் சொன்னேன்.