கறுப்பு மறைக்கும் என்பார்க்கு ஒரு மறுப்பு

வீட்டிலேயே பீர் வடிக்கப் பழகும் புதியவருக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் அறிவுரை ஒன்றுண்டு. கருநிற ஏலில் தொடங்கவேண்டும், அதன் கறுப்பு தொடக்கக்காரரின் பிழைகளையெல்லாம் மறைத்துக்கொள்ளும் என்பதே அது. கையேடுகள் இதைச் சொல்கின்றன. மூலப்பொருள் விற்கும் கடைக்காரர் சொல்கிறார். பத்தாண்டு அனுபவமுள்ள அண்டைவீட்டுக்காரரும் தோளில் கைபோட்டுச் சொல்கிறார். அத்தனை பேரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டே, இவ்வறிவுரையை நாம் முற்றாக மறுக்கிறோம். கற்க வருபவரின் நாவை முதல் நாளே கெடுக்கும் பாடம் இது.

இலக்கியம் பேசும் இடத்தில் பீருக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் பெரும்பாணாற்றுப்படையை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். வலைஞர் குடியிருப்பில் கள் அடும் முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு சமையற்குறிப்பின் துல்லியத்தோடு சொல்லிச் செல்கிறார். குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற பிழாவில் ஆற்றி, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் முற்ற விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிவது அம்முறை. நெல்முளையை ஏன் கலக்கவேண்டும்? தானியம் முளைக்கும்போது அதனுள் நொதிகள் பெருகுகின்றன. மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குபவை அவையே. அந்தச் சர்க்கரையை உண்டுதான் ஈஸ்ட் வெறிப்பொருளை ஆக்குகிறது. பார்லியை முளைகட்டி உலர்த்தி மால்ட் ஆக்கும் ஆங்கிலேயரும் இதைத்தான் செய்கிறார்கள்.

நம் மாநிலத்தில் இதை வீட்டில் செய்வது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே இங்கே அடுப்பு மூட்டுவோர்க்கான கையேடாக இதை யாரும் கொள்ளவேண்டாம். சட்டம் இடந்தரும் நாட்டில் புதியவர்க்கு எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதே நம் பேச்சு.

அங்கும் அந்த இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டுப் பீருக்கு வரி விதித்தபோது, வீட்டில் வடிப்போரும் உரிமம் பெறவேண்டும் என்றாயிற்று. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்தத் தளையை நீக்கினார். விற்காதவரை எவரும் வடித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் ஏறத்தாழ இதே விடுதலையைத் தந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் வீட்டுக் கைப்பழக்கம் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தது. அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்ததுதான் தகரடப்பா. ஹாப்ஸ் சேர்த்துக் குறுக்கிய மால்ட் பாகு அதற்குள் இருக்கும். டப்பாவைத் திறந்து, வெந்நீரும் சர்க்கரையும் கலந்து, ஆறியபின் ஈஸ்ட் தூவி மூடினால் வேலை முடிந்தது. அதிலும் கறுப்பு டப்பாவையே புதியவர் கையில் கொடுக்கிறார்கள்.

கருநிற ஏல் என்று நாம் பொதுவாகக் குறிப்பது போர்ட்டர், ஸ்டவுட் முதலியவற்றை. அவற்றின் நிறத்தைக் கண்டு, கறுப்புத் தானியத்தாலேயே ஆனவை என்று புதியவர் எண்ணிவிடுகிறார். உண்மையில் அவற்றின் தானியத்தில் பெரும்பங்கு வெளிர்நிற மால்ட்தான். காப்பிக்கொட்டைபோல் வறுத்த மால்ட்டில் நொதிகள் வெந்து மாண்டிருக்கும். மாவைச் சர்க்கரையாக்கும் திறன் அதற்கு அறவே கிடையாது. பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே பானை முழுவதும் கறுத்துவிடும். அதாவது, வெளிர் ஏலை ஒழுங்காக வடிக்கத் தெரியாதவருக்குக் கருநிற ஏலும் வடிக்கத் தெரியாது. இந்த ஓர் உண்மையை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

சரி, கறுப்பு எதைத்தான் மறைக்கிறது? கலங்கலை மறைக்கும், குவளையை வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே ஈஸ்ட் படிந்ததா, மிதக்கிறதா என்று தெரியாது. வெந்த சோளத்தின் வாடை மிக மெல்லியதாக இருந்தால் வறுவல் மணம் அதை அமுக்கும். அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரின் குளோரின் போகாமல் இருந்தால் எழும் மருத்துவமனை வாடையை அது மறைக்காது. அளவுமீறிய வெப்பத்தில் புளிக்கவிட்டதால் தொண்டையில் ஏறும் எரிச்சலை மறைக்காது. சரியாகக் கழுவாத பாத்திரத்திலிருந்து புகுந்த பாக்டீரியாவின் புளிப்பையும் மறைக்காது. கண்ணுக்குத்தான் அது திரை. குடிப்பவரோ நாவையும் மூக்கையும் கொண்டு குடிக்கிறார்.

இவற்றினும் கேடானது துவர்ப்பு விவகாரம். தானியத்தை மிகுந்த சூட்டு நீரால் அலசினாலோ, வறுத்த தானியத்தை நீரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டாலோ உமியிலிருந்து டானின் இறங்கும். அதன் சுவை துவர்ப்பு. வறுவலின் சுவையோ கசப்பு. வெளிர் ஏலில் டானின் இறங்கியிருந்தால் முதல் மிடறிலேயே நாச் சுருங்கி, தவறு எங்கே என்று தேடத் தோன்றும். கறுப்பிலோ புதியவர் அதையும் வறுவல் கணக்கில் எழுதிவிடுகிறார். ஸ்டவுட் என்றால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று தலையாட்டிக்கொள்கிறார். பிழை அங்கேயே இருக்கிறது. அதன் பெயர்தான் மாறிவிட்டது. அடுத்த முறையும் அதே சூட்டில் நீரை ஊற்றுவார், அதற்கடுத்த முறையும்.

கசப்பையும் துவர்ப்பையும் அறுசுவையில் தனித்தனியே நிறுத்திய மொழியில் பிறந்தவர்க்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டியதில்லை. பாகற்காய் கசக்கும், வாழைக்கச்சல் துவர்க்கும், ஊரில் எந்தக் குழந்தையும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. வட இங்கிலாந்தில் குடியேறிய நம் நண்பர் ஒருவர், கறுப்பில் தொடங்கச் சொல்லித் தொடங்கியவர், தம் முதல் ஸ்டவுட்டைப் பற்றி எழுதிய மடலில், கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி இருக்கிறது என்று குறிப்பிட்டிருந்தார். அவருக்குக் கற்பித்த உள்ளூர்க்காரரோ அதைச் சுவைத்துவிட்டு, வறுவல் நன்றாக இறங்கியிருக்கிறது என்று பாராட்டினாராம். பாக்கு என்று சொன்ன நாவே சரியான நா. அந்தப் பாராட்டு, கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஒன்றைப் பறித்துக்கொண்டது.

தண்ணீரைப் பற்றி இந்த அறிவுரையாளர்கள் வாய்திறப்பதே இல்லை. லண்டன், டப்ளின் நகரங்களின் நீரில் கார்பனேட் மிகுதி. வறுத்த மால்ட்டின் புளிப்புத்தன்மை அந்தக் காரத்தைச் சமன்செய்வதால் அவ்வூர்களில் கறுப்பு இயல்பாகவே நன்கு அமைந்தது. ஜிப்சம் மிகுந்த பர்ட்டன் நகரத்து நீர் வெளிர் ஏலுக்குப் பேர்பெற்றது. ஏரி மாவட்டத்து மென்னீர் வந்துசேரும் மான்செஸ்டரில் இருப்பவர், வறுத்த தானியத்தை யோசியாமல் கொட்டினால் ஊறலின் புளிப்பு எல்லைமீறும். பானம் மெலிந்து, கூர்மையேறி, கரிந்த வாடையோடு நிற்கும். கறுப்பு எளிது என்பது லண்டன் குழாய்க்குப் பொருந்தலாம். ஊருக்கெல்லாம் அதையே ஓதுவது என்ன நியாயம்?

மறைப்பதற்குக் கறுப்பு என்னும் எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது பெருமைக்குரிய வரலாறன்று. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் சுமைதூக்குவோரின் குடியாகப் பெயர்பெற்ற போர்ட்டர், பழுப்பு மால்ட்டால் ஆனது. 1784-இல் ஜான் ரிச்சர்ட்சன், சாக்கரோமீட்டர் என்னும் கருவியைக் கொண்டு தாம் அளந்து கண்டவற்றை நூலாக வெளியிட்டார். பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட் மிகுந்த சர்க்கரை தரும் என்பது எண்களில் தெரிந்துபோயிற்று. வடிசாலைக்காரர்கள் வெளிர் மால்ட்டுக்குத் தாவினார்கள். ஆனால் வாடிக்கையாளர் கேட்டதோ பழகிய கருநிறம். கருக்கிய சர்க்கரையைக் கொட்டி நிறமேற்றினார்கள். நிறம் ஏறியபின் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? சிலர் அதிமதுரம் சேர்த்தனர். துணிந்தவர்கள், காக்குலஸ் இண்டிகஸ் என்ற பெயரில் லண்டன் மருந்துக் கடைகளில் விற்ற விதையைச் சேர்த்தனர். இது நமக்கு அயலானதன்று. தமிழில் காக்கைக்கொல்லி என்று வழங்கும் கொடியின் விதைதான். மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்படும் நஞ்சு. மால்ட்டைக் குறைத்துவிட்டு, குடித்தவனின் தலைசுற்றல் மட்டும் குறையாதபடி பார்த்துக்கொள்ள அது உதவிற்று. தொழிலாளி தன் கூலியைக் கொடுத்து வாங்கிக் குடித்தது இதைத்தான்.

1816-இல் நாடாளுமன்றம் இத்தகைய பொருள்களை வடிசாலையில் வைத்திருப்பதையே தடைசெய்தது. மீறிய வடிசாலைக்காரருக்கு 200 பவுண்டு தண்டம். அவருக்கு விற்ற மருந்து வணிகருக்கு 500 பவுண்டு. 1820-இல் பிரடெரிக் ஆக்கும் என்னும் ஜெர்மானிய வேதியியலார், உணவுக் கலப்படம் பற்றிய தம் நூலில் தண்டனை பெற்றவர்களின் பெயர்களை அச்சிட்டே காட்டினார். (நூலகத்துப் புத்தகத் தாள்களைக் கிழித்தார் என்ற வழக்கில் சிக்கி, 1821-இல் அவர் இங்கிலாந்தைவிட்டே போகநேர்ந்தது தனிக்கதை. புத்தகப் பிரியர்கள் அவரை மன்னிப்பது கடினம்.) இதற்கிடையே 1817-இல் டேனியல் வீலர், மால்ட்டை உருளையில் இட்டு வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மால்ட்டைக் கொண்டே நிறமேற்றும் நேர்மையான வழி அதன்பின்தான் அமைந்தது. கறுப்பின் மறைவில் நடந்ததைத் தடுக்கச் சட்டமே தேவைப்பட்ட நாட்டில், இருநூறு ஆண்டுகள் கழித்துப் புதியவர்க்குக் கொடுக்கும் முதல் பாடம், கறுப்பு மறைக்கும் என்பது!

எதிர்த்தரப்பின் வாதத்தை நாம் அறிவோம். முதல் பானை கெட்டால் புதியவர் மனமுடைந்து விட்டுவிடுவார், ஊக்கந்தானே முதலில் வேண்டும் என்பார்கள். வழக்கமான அளவு ஐந்து காலன், ஏறத்தாழ 23 லிட்டர். அத்தனையும் பாழானால் யாருக்கும் மனம் உடையும்தான். அதற்கு அளவைக் குறைக்கவேண்டுமே தவிர, மறைக்கக் கற்றுக்கொடுக்கலாகாது. நாள்பட்ட மீனுக்கு மசாலாவைத் தூக்கலாகப் போடச் சொல்லித்தருபவரைச் சமையல் ஆசான் என்று நாம் அழைப்பதில்லை. கவிதை எழுத வரும் இளைஞரிடம், இருண்மையில் தொடங்கு, சொல்லத் தெரியாதது வெளியே தெரியாது என்று காதோடு சொல்லும் ஆசான்களையும் சிற்றிதழ் வாசகர்கள் அறிவார்கள். இருண்மை வேண்டிநிற்கும் கவிதை உண்டு. ஸ்டவுட்டை வேண்டிநிற்கும் குளிர்கால மாலையும் உண்டு. நமக்குக் கறுப்போடு பகை கிடையாது.

நாம் முன்வைக்கும் வழி இதுதான். ஒரு காலன் கொள்ளும் கண்ணாடிச் சாடிகள் இரண்டு போதும். தண்ணீரில் கேம்டன் மாத்திரையின் சிறு துண்டைக் கரைத்துக் குளோரினைப் போக்கிக்கொள்ளலாம். இரண்டு கிலோ வெளிர் மால்ட்டை ஏறத்தாழ 66 பாகை செல்சியஸில் ஒரு மணிநேரம் ஊறவைத்து, வடித்து, ஹாப்ஸ் சேர்த்து ஒரு மணிநேரம் கொதிக்கவிட்டு, 20 பாகைக்கு ஆற்றி, நுரைக்கு இடம்விட்டு இரு சாடிகளிலும் சமமாக ஊற்றவேண்டும். முதல் நாள் இரவே நூறு கிராம் வறுத்த மால்ட்டைக் குளிர்ந்த நீரில் தனியே ஊறப்போட்டிருக்கவேண்டும். குளிர்நீரில் நிறமும் மணமும் இறங்கும். துவர்ப்பு அவ்வளவாக இறங்காது. நம் வீட்டு டிகாக்‌ஷனைப்போல் திரண்டிருக்கும் அந்தச் சாற்றை வடிகட்டிச் சற்றே கொதிக்கவைத்து ஆற்றி, ஒரு சாடியில் மட்டும் சேர்க்கவேண்டும். மற்றதில் அதே அளவு கொதித்தாறிய நீர். ஈஸ்ட் இரண்டுக்கும் ஒன்றே.

18 முதல் 20 பாகையில் இரண்டு வாரம் விடலாம். ஹைட்ரோமீட்டர் அடுத்தடுத்து மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டும்வரை புட்டியில் அடைக்கக்கூடாது. அவசரப்பட்டு அடைத்த புட்டி வெடிக்கும். அடைத்தபின் மேலும் இரண்டு வாரம் கழித்து, இரண்டையும் ஒரே நாளில் திறக்கவேண்டும். வெளிர் ஏலை முதலில் சுவைக்கவேண்டும். மருந்து வாடையோ, துவர்ப்போ, பழுக்காத ஆப்பிளின் பச்சை வாடையோ இருந்தால் அதைத் தாளில் எழுதிவைத்துவிட்டுப் பிறகே கறுப்பை எடுக்கவேண்டும். வறுவலுக்கு அடியில் அது உட்கார்ந்திருப்பதை நாவே கண்டுகொள்ளும். முடிந்தால், கறுப்பில் தொடங்கச் சொன்ன ஆசானின் கண்ணைக் கட்டி அவர் கையிலும் ஒவ்வொரு குவளையாகக் கொடுத்துப் பார்க்கலாம்.