கருவியைத் திறந்து பார்க்காத கனவான்கள்

விரல் நுனியில் எடுக்கப்படும் ஓரிரு துளி இரத்தத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்யலாம் எனக் கூறி வந்த தெரனோஸ் நிறுவனத்தின் ஸ்தாபகர் எலிசபெத் ஹோம்ஸுக்கு, 2022 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் 11 வருடங்களுக்கும் அதிகமான சிறைத்தண்டனை விதித்தது. ஏமாற்றியவரை விட, ஏமாந்தவர்கள் யார் என்பதே இவ்விவகாரத்தில் எமது கவனத்தை ஈர்க்கின்றது.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் படிப்பை இடைநடுவே கைவிட்ட ஹோம்ஸ், 2003 இல் தமது 19 ஆவது வயதில் சிலிக்கன் பள்ளத்தாக்கில் இந்நிறுவனத்தை ஆரம்பித்தார். 2014 இல் அதன் பெறுமதி சுமார் 9 பில்லியன் டொலர் என மதிக்கப்பட்டது. முன்னாள் இராஜாங்கச் செயலாளர்களான ஜோர்ஜ் ஷூல்ட்ஸும் ஹென்றி கீசிங்கரும் பணிப்பாளர் சபையை அலங்கரித்தனர். யுத்தத்தையும் இராஜதந்திரத்தையும் கரைத்துக் குடித்தவர்கள்தான். ஆனால் இரத்தப் பரிசோதனை அவர்களது துறையல்லவே! கீசிங்கர் இருக்கும் சபையில் நாம் ஏன் ஐயுற வேண்டும் என மற்றவர்கள் எண்ணியிருக்கக்கூடும். கீசிங்கரும் மற்றவர்களைப் பார்த்து அவ்வாறே எண்ணியிருப்பார் போலும்.

துறையை அறிந்தவர்கள் மயங்கவில்லை. ஹோம்ஸ் மாணவியாக முன்வைத்த முதல் யோசனையே சாத்தியமற்றது என ஸ்டான்போர்ட் மருத்துவப் பேராசிரியை பிலிஸ் கார்ட்னர் முகத்துக்கு நேரே கூறியிருந்தார். பின்னாளில் கருவி எவ்வாறு இயங்குகின்றது என வினவியோருக்கு வர்த்தக இரகசியம் என்பதே பதிலாகக் கிடைத்தது. செய்து காட்டுமாறு கேட்கும்போது இரகசியத்தையும் பிரமுகர்களின் பெயர்களையும் முன்னிறுத்துபவரிடம் எவரும் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். நிறுவனத்தில் பணியாற்றிய ஷூல்ட்ஸின் பேரன் டைலர், குளறுபடிகளைத் தமது பாட்டனாரிடமே எடுத்துரைத்தார். பாட்டனாரோ பேரனை நம்பாது ஹோம்ஸையே நம்பினார்.

பெரும்பாலான பரிசோதனைகள் பிற நிறுவனங்களின் சாதாரண இயந்திரங்களிலேயே நடைபெற்றன என்பதை 2015 ஒக்டோபரில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகை அம்பலப்படுத்தியது. 2018 இல் நிறுவனம் மூடப்பட்டது.

2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றியமை தொடர்பான நான்கு குற்றச்சாட்டுகளில் ஹோம்ஸ் குற்றவாளியாகக் காணப்பட்டார். நோயாளிகளை ஏமாற்றியதாகச் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளிலிருந்து ஜூரிகள் அவரை விடுவித்தனர். பணத்தைக் கொடுத்தவர்களுக்காவது ஒரு தீர்ப்புக் கிடைத்தது; இரத்தத்தைக் கொடுத்து, பிழையான அறிக்கையுடன் வீடு திரும்பியவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.