ரேண்டம் எண்: லூப் ஓடினால் மட்டும் போதுமா?

வெப் புரோகிராமிங் கற்கத் தொடங்கும் எல்லோரும் ஆரம்பத்திலேயே எழுதிப் பார்க்கும் ஒரு சிறிய புரோகிராம் உண்டு. எழுத்துகளையும் எண்களையும் ஒரு ஸ்ட்ரிங்கில் வைத்துக்கொண்டு, ஃபார் லூப்பைப் பத்து முறை ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். திரையில் தாறுமாறாக ஒரு ஸ்ட்ரிங் வந்ததும் அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். மணப்பாறையில் விடுமுறை நாட்களில் என்னிடம் படிக்க வரும் கல்லூரி மாணவர்களும் அப்படித்தான் கற்றிருக்கிறார்கள். பாடத்தை அந்த இடத்தில் நிறுத்துவது சரியல்ல என்பது என் கருத்து.

நமக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் 10 இலக்க ரேண்டம் எண் தரப்படுகிறது. இருவருக்கு கட் ஆஃப், பாட மதிப்பெண்கள், பிறந்த தேதி எல்லாமே சமமாக இருந்தால், ரேண்டம் எண் பெரிதாக உள்ளவருக்கே முன்னுரிமை. நானும் அப்படி ஓர் எண்ணோடு காத்திருந்தவன்தான். இப்படிப்பட்ட எண்ணை உருவாக்கும் வேலை உங்களிடம் வந்தால், அதே லூப்பை எழுதலாம். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஒரே எண் இருவருக்கு வருமா? 10 இலக்கத்தில் ஆயிரம் கோடி எண்கள் இருக்கின்றனவே, எப்படி வரும் என்று தோன்றும். இரண்டு லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களை இருவர் இருவராகச் சேர்த்தால் சுமார் 2,000 கோடி ஜோடிகள். ஆகவே சராசரியாக இரண்டு ஜோடிகளுக்காவது ஒரே எண் விழும். எண் ஏற்கெனவே கொடுக்கப்பட்டதா என்று சோதிக்கும் வரி கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, எல்லா இலக்கங்களுக்கும் சம வாய்ப்பு உண்டா? ஜாவாஸ்கிரிப்டில் மேத்.ரேண்டம் 0 முதல் 1-க்குச் சற்றுக் குறைவு வரை ஒரு மதிப்பைத் தரும். அதை 10-ஆல் பெருக்கி மேத்.ஃப்ளோர் போட்டால் 0 முதல் 9 வரை சமமாக வரும். சிலர் 9-ஆல் பெருக்கி மேத்.ரவுண்ட் போடுகிறார்கள். இதிலும் 0 முதல் 9 வரை வரும். ஆனால் 0, 9 இரண்டுக்கும் மற்றவற்றைப் போலப் பாதி வாய்ப்புதான். பத்துப் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலுக்கு இந்த வரியைப் பயன்படுத்தினால், பட்டியலில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் அநியாயம் நடக்கும். திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது, அடுத்து வரப்போவதை யாராவது முன்கூட்டியே கணிக்க முடியுமா? மேத்.ரேண்டம் ஒரு கணக்குச் சூத்திரம்தான். அது தந்த சில மதிப்புகள் கிடைத்தால் அடுத்ததைக் கணக்கிட்டுவிடலாம். ஓடிபி, பாஸ்வேர்ட் ரீசெட் லிங்க் போன்றவற்றுக்கு இது ஆபத்து. டெபியன் லினக்ஸில் 2006-ல் செய்த ஒரு மாற்றத்தால், ஓபன்எஸ்எஸ்எல் உருவாக்கிய ரகசிய கீகள் ஒவ்வொரு வகையிலும் சுமார் 32 ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டன. 2008 மே மாதம்தான் இது வெளியே தெரிந்தது. அதுவரை அந்தக் கீகளும் பார்வைக்கு ரேண்டமாகவே இருந்தன.

எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் தோலின் பளபளப்பை மட்டும் பார்த்து யாரும் மாடு பிடிப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். புரோகிராமுக்கும் அந்தச் சோதனை தேவை.

தீர்வு ஒன்றும் கடினமில்லை. பிஎச்பியில் 2015-ல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து ரேண்டம்_இன்ட் ஃபங்ஷன் உள்ளது. பிரவுசரில் கிரிப்டோ.கெட்ரேண்டம்வேல்யூஸ் இருக்கிறது. லூப் அப்படியே இருக்கும், உள்ளே எண் எடுக்கும் பகுதி மட்டும்தான் மாறும்.

லூப் சொல்லித் தரும் ஆசிரியர்களும் பாடம் எழுதுபவர்களும் இந்த மூன்று கேள்விகளுக்காக இன்னும் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். இன்று பயிற்சிக்காக எழுதும் அதே பத்து வரிகளைத்தான் மாணவர்கள் நாளை வேலையிலும் அப்படியே ஒட்டப்போகிறார்கள்.