பை பூட்டியிருக்கு… பத்திரமா இருக்கா?



நம் சீனியர் அண்ணன்மார் காலத்தில் பாலிடெக்னிக் மாணவனின் பையில் என்ன இருந்திருக்கும்? மினி டிராப்டர், ரெக்கார்டு நோட்டு, கால்குலேட்டர், டிபன் பாக்ஸ். அவ்வளவுதான். அதைத் திருட எவனும் வரமாட்டான். வந்தாலும் டிபன் பாக்ஸைத்தான் எடுப்பான்!

இன்று கதை வேறு. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது பாலிடெக்னிக் மாணவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். இப்போது சொந்தக் காசில் வாங்கியவர்களும் நம்மில் பலர். சொந்தக் காசு என்றால் நாமா சம்பாதித்தோம்? என் லேப்டாப் அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன். செகண்ட் ஹேண்ட்தான், 16 ஆயிரம் ரூபாய். தவணை இன்னும் முடியவில்லை.

அதைக் காப்பாற்ற நான் வாங்கியதுதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன்: 'ஆன்டி தெஃப்ட்' பை. அதாவது, திருட முடியாத பை! விலை 1,299 ரூபாய். நம்பர் பூட்டு, கத்தியால் கிழிக்க முடியாத துணி, தண்ணீர் புகாது, போன் சார்ஜ் போடும் வசதி… விளம்பரத்தைப் படித்தால் பேங்க் லாக்கரையே முதுகில் மாட்டிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. டிப்ளமோ படிக்கிற நாம் விளம்பரத்தை நம்பலாமா? சோதித்துப் பார்த்தேன்.

முதலில் பூட்டு. மூன்று இலக்கம். 000 முதல் 999 வரை மொத்தம் 1000 எண்கள். விநாடிக்கு ஒன்றாகத் திருப்பினால் 16 நிமிடம் 40 விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். "அவ்வளவு நேரம் எதுக்குடா மாப்ள?" என்றான் ஹாஸ்டல் ரூம்மேட். ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்தான். ஜிப்பின் பல்லுக்கு நடுவில் முனையை வைத்து ஒரு அழுத்து. ஜிப் வாயைப் பிளந்தது. லேப்டாப்பை வெளியே எடுத்தான். பிறகு பூட்டோடு சேர்ந்திருந்த இரண்டு ரன்னரையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு இழுப்பு இழுத்தான். ஜிப் பழையபடி மூடிக்கொண்டது. பூட்டு பூட்டியபடியே இருந்தது! வீடு போய்ப் பையைத் திறக்கும் வரை எனக்குத் தெரிந்திருக்காது.

காரணம் எளிது. இந்த வகை ஜிப் நைலான் இழையைச் சுருளாகச் சுற்றிச் செய்தது. இரண்டு சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கின்றன. கூர்மையான முனை ஆப்பு மாதிரி உள்ளே இறங்கினால் விலகிவிடும். உலோகப் பல் ஜிப்பும், கெட்டியான பிளாஸ்டிக் பல் ஜிப்பும் இவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. இன்றைய ஜிப்புக்கு 1917-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் கிடியன் சண்ட்பேக். அவர் அதற்கு வைத்த பெயரே 'பிரிக்கக்கூடிய இணைப்பான்' என்றுதான் பொருள்படும். பிரிப்பதற்காகச் செய்த பொருளில் பூட்டைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில்தான் என்று ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் கேட்டோமே, அதேதான்.

அடுத்து துணி. பையின் சீட்டில் 'டீனியர்' என்று ஒரு எண் போட்டிருந்தது. 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டீனியர். நூலின் தடிமனைச் சொல்லுமே தவிர, பிளேடு பட்டால் கிழியுமா என்று சொல்லாது. கிழியாமல் இருக்க உள்ளே எஃகுக் கம்பி வலையோ அதுபோன்ற உறுதியான இழையோ வேண்டும். என் பையின் உள்துணியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். முன்பக்கம் மட்டும் ஒரு பிளாஸ்டிக் தகடு. பக்கவாட்டிலும் அடியிலும் வெறும் துணிதான். பிளேடு போடுகிறவன் முன்பக்கத்தில்தான் போடுவேன் என்று சத்தியமா செய்து கொடுத்திருக்கிறான்?

பஸ் ஸ்டாண்டு பக்கம் பை தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். பூட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோள் வாரின் அடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். "துணி பரவாயில்ல தம்பி. தையலைப் பாரு. ஒத்தைத் தையல். பஸ்ஸுக்கு ஓடறப்ப பிச்சுக்கிட்டு வந்துரும்" என்றார். வார் சேரும் இடத்தில் கட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையல் போட வேண்டுமாம். அப்போதுதான் இழுவிசை ஒரே கோட்டில் விழாமல் பரவும். 40 ரூபாயில் இரண்டு வாரையும் தைத்துக் கொடுத்தார். 1,299 ரூபாய் பையில் உருப்படியான வேலை அந்த 40 ரூபாய் வேலைதான்!

மழை? ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினேன். துணியில் ஒட்டாமல் வழிந்தது. ஆனால் தையல் ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே போனது. ஐப்பசி மழைக்கு இது தாங்காது. பாலிதீன் கவர் அவசியம். சார்ஜ் வசதி? பையில் பேட்டரியே கிடையாது. உள்ளே ஒரு முழ ஒயர், அவ்வளவுதான். பவர் பேங்க் நாமே வாங்கி மாட்ட வேண்டும்.

குறையை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. நல்லதும் இருக்கிறது. ஜிப்பின் வாய் முதுகுப் பக்கம் வைத்திருக்கிறார்கள். மாட்டியிருக்கும்போது பின்னால் நிற்பவன் கை வைக்க முடியாது. நெதர்லாந்து நாட்டின் எக்ஸ்டி டிசைன் நிறுவனம் 2016-ல் 'பாபி' என்ற பையைக் கொண்டுவந்த பிறகு இந்த அமைப்பு உலகம் முழுக்கப் பரவியது. பூட்டு சேர்க்காமல், திறக்கும் இடத்தை மட்டும் மாற்றிய இந்த யோசனைக்கு என் ஓட்டு. சாயங்கால டவுன் பஸ் கூட்டத்துக்கு இதைவிட நல்லது இல்லை. இன்னொன்று, லேப்டாப் அறையின் அடிப்பாகம் பையின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிற்கிறது. பையைத் தொப்பென்று போட்டாலும் லேப்டாப் தரையில் இடிக்காது. இதுதான் டிசைன்! விளம்பரத்தில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை என்பதுதான் வேடிக்கை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

லேப், ஒர்க்‌ஷாப் எதற்குப் போனாலும் பையை வெளியே வராந்தாவில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று மணி நேரம் பிராக்டிகல். முதுகில் இருக்கும் வரைதான் அது ஆன்டி தெஃப்ட் பை. வராந்தாவில் இறக்கி வைத்தால் அதுவும் மற்றப் பைகளோடு ஒரு பை. பையையே தூக்கிக்கொண்டு போகிறவனைப் பூட்டு என்ன செய்யும்?

போன செமஸ்டரில் அதுதான் நடந்தது. இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவனின் பை வராந்தாவிலிருந்து காணாமல் போனது. "பூட்டியிருந்தியாடா?" என்று கேட்டேன். "பூட்டித்தான் வெச்சிருந்தேன்ணா" என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. காவல் நிலையத்தில் சீரியல் நம்பர் கேட்டார்கள். அவனிடம் இல்லை. பில்லும் பையோடு போய்விட்டது. அப்பா லோடு இறக்கும் வேலை. பத்து நாள் கழித்துத்தான் வீட்டில் சொன்னான். இன்று நண்பர்களின் லேப்டாப் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, இரவல் வாங்கி டிராயிங் போடுகிறான்.

நண்பர்களே, திருட்டைத் தடுக்கும் பை என்று ஒன்று இல்லை. திருடனைத் தாமதப்படுத்தும் பைதான் உண்டு. ஐந்து நிமிடம் தாமதம் ஆனாலும் யாராவது பார்க்க வேண்டுமே! வராந்தாவில் யார் பார்க்கிறார்கள்? பாதுகாப்பை ஆளுக்கு 1,299 ரூபாய் கொடுத்துத் தனித்தனியாக வாங்குவதைவிட, எல்லோருக்குமாக ஒரு லாக்கர் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அதற்கு வெளியாள்கூட வேண்டாம். வெல்டிங் ஷாப்பில் ஆங்கிளை வெட்டி, ஒட்டி, மார்க் வாங்கியதும் ஸ்கிராப்பில் போடுகிறோம். ஷீட் மெட்டல் ஷாப்பில் தகரத்தை மடக்கிப் பழகுகிறோம். அதே ஆங்கிளும் தகடும் ஒவ்வொரு லேப் வாசலிலும் ஒரு லாக்கர் ஆகக் கூடாதா? டிராயிங் நாம் போடுவோம், வேலையும் நாம் செய்வோம். பொருளும் அனுமதியும் நிர்வாகம் கொடுக்கட்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் மாணவர் சங்கத்தின் அடுத்த ஆண்டு முதல் வேலையாக இருக்கட்டும்.

அதுவரை? பை வாங்கும்போது பூட்டைப் பார்க்காதீர்கள். வாரை இழுத்துப் பாருங்கள். ஜிப்பில் பேனாவால் குத்திப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்! இன்று ராத்திரியே லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருக்கும் சீரியல் நம்பரை நோட்டில் எழுதி வையுங்கள். பில் வீட்டில் இருக்கட்டும், பையில் வேண்டாம்.

அடுத்த ஆண்டு மலரில் இதே பக்கத்தில், நாம் செய்த லாக்கரின் போட்டோ வர வேண்டும். வருமா? வர வைப்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை